பூசணிக்கா உடைச்ச ரோடு

அன்பு மக மோகனாவுக்கு அம்மா எழுதறது. இங்க அம்பத்தூர்ல நானும் உங்க நைனாவும் சோறு தண்ணிக்கு கொறையில்லாம, ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு உசுரோட கீறோம். அங்க டப்ளின்ல அந்த பாழாப்போன குளிருல நீ ஒடம்பும் மனசுமா தெம்பா கீறியான்னு தெரிஞ்சா எங்களுக்கு அது போதும். தெனம் போன்ல பேசிகினுதான கீறோம், இன்னாத்துக்கு இந்தம்மா தபால்ல காயிதம் போடுதுன்னு நீ நெனப்ப. போன்ல சொல்ல வரல கண்ணு. வாய தொறந்தா தோசை மாவு, மழை, மோட்டார்னு வேற எதையோ பேசி வெச்சிடறேன். அதான் எழுதறேன். போட்டோ புடிச்சி வாட்ஸப்ல அனுப்பலாம்னு பாத்தேன், வேணாம், நீ டூட்டில நின்னுகினே படிச்சிட்டு அழுதுகினு நிப்ப. இது மெதுவா வரட்டும், நீயும் ஊட்டுல உக்காந்து மெதுவா படி.

இங்க மழை புடிச்சிகிச்சி, நம்ம தெரு வழக்கம்போல கொளம் மாதிரி ஆயிடுச்சி. மோட்டார் ரெண்டு நாளா மக்கர் பண்ணிச்சி, உங்க நைனாவே பிரிச்சி போட்டு சரி பண்ணிட்டாரு. உன் சித்தப்பா பொண்ணு கார்த்திகாவுக்கு வளைகாப்பு நடந்துச்சி, மோகனா வரலியா மோகனா வரலியான்னு ஆளாளுக்கு கேட்டாங்க, லீவு குடுக்கலியாம்னு எப்பவும் சொல்ற பொய்யத்தான் சொன்னேன். நர்சு வேலைன்னா லீவே கெடைக்காதான்னு கேக்குதுங்க, இன்னா சொல்றது, ஆயுத பூசை மாசம் வந்தாலே அந்த புள்ளைக்கு ஊருன்ற பேச்சே ஆவாதுன்னா சொல்ல முடியும். கார்த்திகா நல்லா பூசுனாப்ல அழகா கீறா. உனக்கும் சேத்து வளையல் வாங்கி வெச்சிருக்கேன்.

சரி, சொல்ல வந்தத சொல்லிடறேன். ஆடி மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை நீ போன் பண்ண பாரு, அதப்பத்திதான். அங்க உனக்கு கவுன்சிலிங் பாக்கற அம்மா, இத்தன வருசமா யார்கிட்டயும் சொல்லாதத ஊட்டுல ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லுன்னாங்கன்னு ஆரம்பிச்ச. அன்னிக்கி ஆயுத பூசைக்கி ஸ்டேசன்ல எறங்கி பரத் வண்டில பின்னாடி ஏறி நம்ம பட்டறைக்கு வரச்சொல்ல, நைனா பூசணிக்கா உடைக்கறதுக்குள்ள போவணும்டா, சீக்கிரம் போடா சீக்கிரம் போடான்னு தம்பி முதுகுல தட்டிகினே வந்தேம்மா, நான் வெரட்டலன்னா அவன் இன்னிக்கி இருந்திருப்பான்னு சொல்லிட்டு அழுத. நான் போன வெச்சிட்டேன். நீ திருப்பி திருப்பி அடிச்ச, எடுக்கல. மக்யா நாள்ல இருந்து ரெண்டு பேரும் சாப்டியா தூங்குனியான்னு பேசிகினு கீறோமே ஒழிய அந்த பேச்ச நீயும் எடுக்கல, நானும் எடுக்கல. அம்மாவுக்கு நம்ம மேல கோவம்னு நீ அங்க தனியா குந்திகினு நெனச்சி நெனச்சி வெந்துருப்ப. எனக்கு தெரியும்டி, நான் பெத்தவ.

பொய் சொல்ல மாட்டேன் மோகனா, ஒரு நிமிசம் கோவம் வந்துச்சி. உன் மேல இல்ல, யார் மேலன்னே தெரியல, அந்த ரோடு மேல, அந்த சாமி மேல, எல்லாத்து மேலயும் வந்துச்சி. அப்பால ஒண்ணொண்ணா நெனச்சி பாத்தேன். அந்த ஆக்சிடென்ட்ல கை ஒடிஞ்சி கட்டு போட்டுகினு கெடந்தியே, அப்பவும் இத சொல்லல. ஏர்போர்ட்டுல என்ன கட்டிகினு நின்னியே, அப்பவும் சொல்லல. எம்புள்ள ஒண்ண மண்ணுக்கு குடுத்தேன், இன்னொண்ணு இந்த கல்ல நெஞ்சில வெச்சிகினு என் கண்ணு முன்னாடி சோறு துன்னுகினு இருந்துச்சே, நான் பாக்காம போனேனேன்னு இருந்துச்சி. அதான் போன வெச்சிட்டேன். கோவம் இல்லடி கண்ணு. சத்தியமா இல்ல.

இன்னொரு சங்கதி உனக்கு தெரியாது. அன்னிக்கி நான் வெங்காயம் உரிச்சிகினு போன ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிருந்தேன். உங்க நைனா கூடத்துல துன்னுகினு இருந்தாரு. அத்தினியும் கேட்டுட்டாரு. தட்ட அப்டியே வெச்சிட்டு கைய கழுவிகினு வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னாரு. அந்த புள்ள இத இம்மா நாளா தனியாவா தூக்கினு இருந்துச்சின்னு கேட்டாரு. அப்பால, போன வருசம் அது அனுப்புன கவுன்சிலிங் மேடம் நம்பர் இருக்குதா, குடுன்னாரு. யாரு, எனக்கு இன்னா பைத்தியமான்னு நீ அனுப்புனப்ப குதியா குதிச்ச அதே மனுசன்.

அருள்மொழி மேடம், வானகரத்துல ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல மாடில பாக்கறாங்க. உன் வயசுக்கு கொஞ்சம் கூட இருக்கும், சத்தமா பேசாது. மொத தபா நானும் கூட போனேன், மனுசன் வாயே தொறக்கல. பேசி முடிச்சி வரச்சொல்ல ஒரே ஒரு வார்த்த, மேடம் உங்க ஃபேன்ல பேரிங் போயிடுச்சி, அதான் கொரகொரன்னு கத்துதுன்னாரு. எனக்கு மானம் போச்சி. அடுத்த வாரம் ஸ்பேனரும் பேரிங்கும் மஞ்சப் பையில போட்டுகினு வந்துட்டாரு பாரு. அந்த மேடம் சிரிக்கவும் இல்ல, வேணாம்னு சொல்லவும் இல்ல, ஸ்டூல எடுத்து போட்டாங்க. நான் ஸ்டூல புடிச்சிகினு நின்னேன். மேல ஏறி, எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் பாக்காம, ஃபேன கழட்டிகினே பேச ஆரம்பிச்சாரு மோகனா. கை வேல செஞ்சிகினு இருந்துச்சி, வாய் தானா பேசிச்சி. அந்த மாதிரி அவர் பேசி நான் கேட்டதே இல்ல.

அன்னிக்கி பட்டறை பசங்கள்லாம் பஸ்ஸ புடிக்கணும், ஊருக்கு போவணும்னு அவசரப்படுத்துச்சிங்களாம். நீங்க ரெண்டு பேரும் வந்தப்பறம் உடைக்கலாம்னு பாத்துகினே இருந்து, சரி போவட்டும்னு சுத்தி ரோட்டுல போட்டு உடைச்சிட்டாராம். பக்கத்து பட்டறை யூசுப் பாய் ஓரமா தள்ளிடு ஜெகதீசான்னு சொன்னாராம். தோ தள்றேன் பாய்னு சொல்லிட்டு உள்ள போயிருக்காரு, உனக்கு பொரியும் பொட்டுக்கடலையும் பொட்டலம் கட்டறதுக்கு. பொட்டலத்துக்கு நூல் சுத்திகினு இருக்கச்சொல்ல வெளிய சத்தம். ஓடியாந்து பாத்தா ரோடு பூரா செவப்பு, எது குங்குமம் எது எம்புள்ள ரத்தம்னு தெரியலம்மான்னு சொல்லிட்டு ஸ்டூல் மேலயே நின்னுகினு அழுதாரு. நான் காலப் புடிச்சிகினேன், விழுந்துடுவாரோன்னு. அந்த ரோட்டுல எத்தன கம்பெனி, எத்தன பூசணிக்கா உடைச்சி கெடந்துச்சி, உங்களுதுலதான் வண்டி வழுக்குச்சின்னு எப்டி சொல்றீங்கன்னு அந்த மேடம் மெதுவா கேட்டாங்க. நான் போட்ட குங்குமம் எனக்கு தெரியாதான்னாரு. அவங்க அதுக்கு மேல வாதாடல. எறங்கி வாங்க சார், தண்ணி குடிங்கன்னாங்க.

அதுக்கப்பால வாரா வாரம் போறாரு. அங்கதான் இன்னொண்ணும் வெளிய வந்துச்சி. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பட்டறைய பூட்டிட்டு எங்கியோ போயிட்டு சட்டையெல்லாம் குங்குமமா வருவாரே, உனக்கும் சொல்லி பொலம்பியிருக்கேன், புள்ளைய தூக்கிக் குடுத்த நாள்ல ஊரான் பூசையில போய் நிக்கிறாரே இவருலாம் மனுசனான்னு. வாரக்கணக்குல பேசாம இருந்திருக்கேன். அவரு பூசைக்கி போவல மோகனா. தொடப்பமும் கோணிப் பையும் எடுத்துகினு இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ரோடு ரோடா போயி உடைச்சி கெடக்கற பூசணிக்காய எல்லாம் வாரி ஓரமா போட்டிருக்காரு. யூசுப் பாய்தான் கோணி குடுத்திருக்காரு, அவருக்கு தெரியும், எனக்குதான் தெரியாது. ஏன்யா என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். சொன்னா பரத் பேர சொல்லணுமேன்னாரு. அதுவும் நெசந்தான், எங்க ஊட்டுல அந்த பேர சொல்லி எம்மா நாளாச்சி. தெருவுல யாராச்சும் அவங்க புள்ளைய டேய் பரத்துன்னு கூப்டா நான் கதவ சாத்திக்குவேன்.

இந்த ஆயுத பூசைக்கி நானும் கூட போனேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கச்சொல்லவே கெளம்பிட்டோம். நான் ஒரு தொடப்பம், அவரு ஒரு தொடப்பம். கார்ப்பரேசன்ல சேந்துட்டியான்னு ஒருத்தன் கிண்டல் பண்ணான், நல்லா குடுத்தேன் வாங்கிகினு போனான். நம்ம பட்டறை தெரு முனைக்கி வந்ததும் உங்க நைனாவுக்கு கால் நவரல. பரத் விழுந்த அந்த எடத்த மிதிக்காம இத்தன வருசமா பட்டறைக்கே சுத்து வழியாதான் போயிருக்காரு. நான் போயி கூட்டனேன். என் கைல செவப்பா ஒட்டிகிச்சி, எனக்கு தலை சுத்திச்சி, மேடம் சொன்ன மாதிரி கால தரையில அழுத்தி வெச்சிகினு நின்னேன், நின்னுட்டேன்.

அப்ப ஒரு பையன் ஸ்கூட்டர்ல வந்தான், பின்னாடி அவன் அக்காவா இருக்கும், காலேஜ் பையோட. உங்க நைனா நடு ரோட்டுல கைய தூக்கி நிறுத்திட்டாரு, இருப்பா, கூட்டிக்கறேன், அப்பால போன்னாரு. அந்த பொண்ணு, ஐயோ லேட்டாச்சி, பூசை முடிஞ்சிடும், சீக்கிரம் போடா சீக்கிரம் போடான்னு அந்த பையன் முதுகுல தட்டிச்சி. உங்க நைனா அந்த பொண்ணையே பாத்துகினு நின்னாரு. அப்பால குனிஞ்சி கடைசி துண்டு வரைக்கும் வாரிட்டு, போங்க கண்ணுங்களா, மெதுவா போங்கன்னு வழி விட்டாரு. அதுங்க போனதும் ஓரமா குந்திட்டு, கூடப் பொறந்த பொண்ணுங்க எல்லாம் இப்டித்தான் சொல்லும் சொர்ணம், பாத்தியா, எல்லா புள்ளையும் இதத்தான் சொல்லும், நம்ம மோகனா ஒண்ணும் தப்பா சொல்லல, இத அதுகிட்ட சொல்லுன்னாரு. நீயே சொல்லேன்யான்னேன். எனக்கு சொல்ல வராது, நீ சொல்லுன்னாரு. அதான் சொல்றேன்.

எல்லாம் சரியாப் போச்சின்னு நெனச்சிக்காத. அதுக்கு மக்யா நாள்ல இருந்து ஒரு வாரம் பட்டறைக்கே போவல, செவுத்த பாத்துகினு படுத்தாரு, இன்னும் பாதி சோறு எலையிலதான் கெடக்குது. இது இப்டித்தான் ஏறும் எறங்கும், வுட்றாதீங்கன்னு மேடம் சொல்றாங்க. எனக்கும் தனியா வியாழக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க. நான் இன்னாத்துக்குன்னேன். நீங்க எப்டி கீறீங்கன்னு இத்தன வருசத்துல யாராச்சும் கேட்டாங்களாம்மான்னாங்க. அங்கியே ஒக்காந்து அழுதுட்டேன், அவ்ளோ அழுகை எங்க இருந்துச்சோ. பரத் போயிட்டான், அத எந்த மேடமும் திருப்பித் தர முடியாது. மிச்சம் கீற மூணு பேரும் ஆளுக்கொரு மூலைல செத்துகினு இருக்காம இருந்தா சரி. நீயும் அங்க கவுன்சிலிங் போறத நிறுத்திடாத, வேல இருக்குது அது இதுன்னு சாக்கு சொல்லாத. கம்பளி போட்டுக்கோ, டூட்டி முடிஞ்சி வந்து சுடுசோறு ஆக்கித் துன்னு, ரொட்டிய கடிச்சிகினு கெடக்காத.

நீயும் உன் மனசும் நெடுநாள் நோவு நொடி இல்லாம இருக்கணும், எங்க ஆயுசுல பாதி உனக்கு. ஒண்ணு மறந்துடாத, இந்த காயிதம் கைக்கு வந்த ஞாயித்துக்கெழமை போன் பண்ணு, உங்க நைனாதான் எடுப்பாரு. பேச மாட்டாரு, மூச்சு வுடறதுதான் கேக்கும், நீ கட் பண்ணிடாத, அப்டியே இரு. இந்த வருசம் பூசைக்கி பொரி வாங்கினு வந்துட்டாரு மோகனா, எத்தன வருசம் கழிச்சி. உன் பங்குன்னு ஒரு பொட்டலம் நூல் சுத்திக் கட்டி வெச்சிருக்காரு. நமுத்துப் போவும்யான்னேன், டப்பால போட்டு இறுக்கி மூடி வெய்யி, அது வந்து பிரிக்கட்டும்னாரு.

உன் நெனப்பாவே கீற அம்மா,
சொர்ணம்.
பக்கத்துல குந்திகினு ஒரு வரி வுடாம படிக்கச் சொல்லி கேட்ட நைனா, ஜெகதீசன்.