அம்மா பேசிய பதிவு

மூணாறு,
4.6.2025

அன்புத் தம்பி ரிஜினுக்கு,

மாதா காவலில் நானும் மகள் வினோவும் இருக்கிறோம். போனில் பேசினால் சுவர் வழியே லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தோள் இனித் தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தாங்காதாம். சூப்பர்வைசர் சிலுவைராஜ் வாசலில் நின்று, "தோட்ட வேலைல உம் பேர வெட்டுனா மக பேரப் பதியணும். இல்லன்னா மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வினோவுக்கோ கோட்டயத்தில் நர்சிங் சீட் வந்திருக்கிறது. பொறியில் விழுந்த எலியாகச் சுற்றி வருகிறேன்.

அம்மா சாகும் முன் உன் ஆபீஸ் ஆட்கள் வந்து, தோட்டத்து ஆட்களோடு அம்மாவையும் பேச வைத்துப் பதிந்தார்களே. எழுநூறு பேர் பேச்சையும் கம்ப்யூட்டர் எழுத்தாக்கிவிட்டது, ஒரு சொல்லைப் போட்டால் பேசிய இடத்தைக் காட்டும் என்று பெருமையடித்தாயே. அதில் அம்மாவைத் தேடித் தா. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன்.

உன் அக்கா,
பெர்சி

கொச்சி,
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா பெயரைப் போட்டேன், உன் பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. மழை இரைச்சலில் பதிவு கெட்டிருக்கும்.

வீட்டை விட்டுவிடாதே. எங்கே போவாய்? வினோ பேரை ஒரு வருஷம் பதிந்து வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் இந்தத் தேடலை எல்லோருக்கும் திறக்கிறோம், தலைக்கு மேல் வேலை. வர முடியவில்லை, கோபிக்காதே.

அன்புத் தம்பி,
ரிஜின்

மூணாறு,
24.6.2025

ரிஜினுக்கு,

ஞாயிறு பூசை முடிந்து வினோ போனில் தேடினாள். அம்மா பேர் இல்லை. என் பேரும் இல்லை. தம்பியைப் பற்றி யாராவது நல்லதாகச் சொல்லியிருப்பார்கள் என்று ஆசையில் உன் பேரைப் போடச் சொன்னேன். 'பெயர் தெரியாதவர்' என்று வந்தது. தொட்டால் அம்மா குரல்.

"ரிஜின் படிக்கணும்லா. பெர்சிக்கு நர்சிங் சீட்டு லெட்டர் வந்துச்சு. அவ போயிட்டா பேர் பதிய ஆளில்ல, வீடு போயிரும். அடுப்புல போட்டுட்டேன்."

கீழே ஓடும் எழுத்தில் என் பேர் இருந்த இடம் மட்டும் காலி. எங்கள் பேரை எடுத்த நீ உன் பேரை எடுக்க மறந்துவிட்டாய்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் சீட் வரவில்லை என்று இருபத்தாறு வருஷம் நம்பியிருந்தேன். அம்மாமேல் கோபமில்லை, பயந்த மனுஷி. நீ இதைக் கேட்ட பிறகுதானே வினோ பேரைப் பதியச் சொன்னாய்? அதுதான் பொறுக்கவில்லை.

நேற்று வினோவைக் கோட்டயத்தில் சேர்த்துவிட்டேன். முப்பதாம் தேதி சாவியைக் கொடுக்கிறேன். வண்டன்மேட்டில் இருக்கும் என் தோழி ராமுத்தாய் ஏலக்காய் தரம் பிரிக்கக் கூப்பிடுகிறாள். உட்கார்ந்து செய்யும் வேலை.

அந்தப் பதிவில் அம்மா பேரையும் என் பேரையும் திரும்பப் போட்டுவிடு. யாராவது தேடினால் நாங்கள் கிடைக்க வேண்டும். நீ மட்டும் தேட வேண்டாம்.

பெர்சி