பன்னிரண்டு அடி

மார்ச் 3, செவ்வாய்

அந்த ஆள் இன்றும் வந்தான். எங்கள் கேட் தூணிலிருந்து பக்கத்து டாக்டர் வீட்டு மதில் வரை, உதடு அசைய அடியெண்ணி நடந்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். மறுபடி எண்ணினான். அறுபது வயதிருக்கும்.

காவலாளியிடம் சொன்னேன். "ரோட்டுல நடக்கறவங்களை எப்படிம்மா புடிக்கிறது?" என்றார். நடக்கிறவனை யார் சொன்னது? எண்ணுகிறவனைச் சொன்னேன்.

இவரிடம் சொன்னதும், "கையில என்ன தாள்? உன்கிட்ட ஏதாவது கேட்டானா?" என்றார். இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் என் வீட்டுக்காரர் இரண்டு கேள்வி கேட்டதில்லை.

மார்ச் 5

அவன் வரவில்லை. மூன்று தடவை மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

சங்கச் செயலாளர் அம்மா வந்தார். குடியிருப்பின் முப்பதாம் ஆண்டு மலருக்குப் பிழை திருத்தித் தரவேண்டுமாம். பாடநூல் அச்சகத்தில் பத்தொன்பது வருஷம் அதே வேலை பார்த்தவள் நான். "நம்ம ஏரிக்கரையோட வரலாறுங்க. நீங்க கொம்பு, கால் மட்டும் பார்த்தாப் போதும்" என்றார்.

எங்களுக்கு என்ன வரலாறு? பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு மதில். கார் கண்ணாடிக்குள்ளிருந்து கையசைப்பு. நாய்களுக்குள் இருக்கும் பழக்கம்கூட எங்களுக்குள் இல்லை. பதினொரு வருஷமாகிறது, டாக்டர் மனைவியின் குரல் எனக்குத் தெரியாது.

முதல் பக்கத்தில் 'யாருமற்ற புதர்க்காடாகக் கிடந்த ஏரிக்கரை' என்று இருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் 'செங்கல் சூளை மூடப்பட்ட பின்'. புதர்க்காட்டில் சூளை போட்டது யார், முயலா? பதினாலாம் பக்க வரைபடத்தில் எங்கள் மனைக்கும் டாக்டர் மனைக்கும் நடுவே எதையோ வெள்ளை மை போட்டு அழித்திருக்கிறார்கள்.

மார்ச் 10

செயலாளருக்குப் போன் போட்டேன். "சூளையில வேலை செஞ்சவங்க எங்கே குடியிருந்தாங்க?"

அவர், "விசேஷத்துக்குப் போடற புத்தகத்துல அதெல்லாம் எதுக்குங்க?"

அரை மணி நேரத்தில் ஆபீசிலிருந்து இவர். "அந்த மலரைத் திருப்பிக் கொடுத்துடு. கண்ணு வலிக்குதுன்னு சொல்லு."

நான் செயலாளரிடம் பேசியது இவருக்கு எப்படித் தெரியும்? என் கண் வலிக்கவில்லை.

மார்ச் 11

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அகலம் எண்பது அடி. தோட்டத்து டேப்பால் அளந்தேன் — தொண்ணூற்றிரண்டு. மறுபடி அளந்தேன். தொண்ணூற்றிரண்டேதான். நிலம் என்ன பிள்ளையா, வருஷத்துக்கு ஓர் அடி வளர? கூடுதல் பன்னிரண்டும் டாக்டர் மதில் பக்கம், ஊஞ்சல் போட்டிருக்கும் புல்தரை.

மார்ச் 13, வெள்ளி

அந்த ஆள் வந்தார். வெளியே போனேன். "யாரு நீங்க? எதுக்கு எண்ணிக்கிட்டே இருக்கீங்க?"

தாளை நீட்டினார். நில அளவை அலுவலகத்துப் பழைய வரைபடத்தின் நகல்; எங்கள் மனைக்கும் டாக்டர் மனைக்கும் நடுவே ஏரிக்குப் போகும் பாதை. அவர் பிளம்பர், சூளைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர்.

"நாப்பது வீடும்மா எங்க லைன். குளிக்க, தண்ணி எடுக்க இதான் வழி. சூளையை வித்தாங்க, சரி. பாதையை யாரும் விக்கலையே. இப்போ பின்தெருவுல இருக்கோம். ஏரியைப் பார்க்க மூணு கிலோமீட்டர் சுத்தணும்."

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

"சார்கிட்ட நாலு தடவை கேட்டேன். ஆபீசுக்கே போய்ப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மாலையில் இவரிடம் கேட்டேன். மறுக்கவே இல்லை.

"நாம வாங்கும்போதே வேலி போட்டிருந்துச்சு. ஊர்ல இல்லாததையா செஞ்சுட்டேன்? டாக்டர் வீட்டு நீச்சல் குளம் எதுமேல இருக்கு? ஏரிமேல. இங்க எல்லாருக்கும் எல்லாரோடதும் தெரியும். அதான் யாரும் வாயைத் திறக்கிறதில்லை."

அதை நான் இத்தனை நாள் நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ சும்மா இருக்கமாட்டே. எங்க தப்புன்னு தேடறதுதானே உன் புத்தி."

எனக்குத் தெரியாமலிருந்தது பாதை மட்டுமா? இன்னும் என்னென்ன இருக்கு? யாரைக் கேக்கறது — இவரையேவா?

மார்ச் 16, திங்கள்

வீடு இருவர் பேரிலும் இருக்கிறது. நில அளவை அலுவலகத்தில் என் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தேன். எழுத்தர் இரண்டு தடவை படித்தார். "உங்க வீட்டு மேல நீங்களே புகார் கொடுக்கறீங்களாம்மா?"

"ஆமா."

மார்ச் 17

மலரைத் திருப்பிக் கொடுத்தேன். 'யாருமற்ற' என்பதைச் சுழித்து, ஓரத்தில் 'நாற்பது வீடு' என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 29

நில அளவை நோட்டீஸ் வந்ததிலிருந்து காரிலிருந்து யாரும் கையசைப்பதில்லை. இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசி ஒன்பது நாள். நாத்தனார் மட்டும் போனில்: "குடியிருக்கிற வீட்டுக்கே கொள்ளி வச்சுட்டீங்களே அண்ணி."

மே 21

அளக்க வந்தார்கள். பன்னிரண்டு அடி, ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில், திறந்துவிட்ட பாதை வழியாக ஏரிக்குப் போனேன். நல்ல கூட்டம். பிளம்பர் தன் மனைவியுடன் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது டாக்டர் மனைவி எதிரே வந்தார். தயங்கி நின்றார். மெல்லிய குரல்.

"இப்போ எங்கே இருக்கீங்க?"

"பின்தெருவுல, மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கேன்."

"அங்கேருந்து ஏரி தெரியுமா?"

"தெரியாதுங்க. நடந்துதான் வரணும்."