மூன்றாவது கண்ணாடித் துண்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதப்போன கையை இந்த ஒரு தடவை நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் நலம் இல்லை.

பக்கத்து மனையில் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டினார்களே, அதிலிருந்து அப்பாவின் கட்டிலோரச் சுவரில் ஒரு விரிசல் இறங்கியது. உன் அப்பா கொத்தனாராயிற்றே, சும்மா இருப்பாரா, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அவருக்குக் கண்ணில் புரை, அதனால் தினமும் பார்த்துச் சொல்வது என் வேலை. பத்தாம் நாளே உடைந்தது. நெஞ்சுவலி வந்த மனுஷனிடம், நீங்கள் கட்டிய சுவர் போகிறது என்று எப்படிச் சொல்வது. அவர் குளிக்கப் போனபோது பழைய போட்டோ சட்டத்துக் கண்ணாடியில் ஒரு துண்டை ஒட்டிவிட்டு, அப்படியே இருக்கு என்றேன். போன மாதம் அதுவும் போயிற்று, மூன்றாவதை ஒட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், கேளேன்.

இன்று காலை பெருக்கிக்கொண்டிருந்தபோது டிக் என்று ஒரு சத்தம், மூன்றாவது துண்டும் உடைந்தது. என்னது என்றார். கரண்டி விழுந்தது என்றேன். அவர் எழுந்து கட்டிலை எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பித்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிறகுதான் சொன்னார், நான் வச்சது மெல்லிசு, நீ வச்சது தடிமன், அன்னைக்கே தடவிப் பார்த்துட்டேன், தெரியும்னு சொன்னா நீ பயந்துடுவியேன்னு விட்டுட்டேன் என்று. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் அந்தச் சுவருக்கடியில் தூங்கியிருக்கிறோம். உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது, உன் அத்தைக்குப் போன் செய்தோம், சாமான்களைக் கட்டினோம்.

மூன்று மாதமாக நீ போனில், ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன் என்கிறாயே, அது நான் அப்படியே இருக்கு என்று சொன்ன அதே குரல். அங்கே எது விரிசல் விட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. போனில் கேட்டால் மறுபடியும் அதையே சொல்வாய் என்றுதான் எழுதுகிறேன். புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. எங்களால் தாங்க முடியாது என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே, அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு.

எங்கே இருந்தாலும் நீ நிம்மதியாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். பதிலை அத்தை வீட்டு முகவரிக்குப் போடு, இந்த முகவரிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. மூட்டைகளோடு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது உள்ளே இன்னொரு சத்தம், கொஞ்சம் பெரிதாக. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுச்சு என்றேன்.