ரோட்டில் போனால் மலை கொஞ்சம்

பூண்டுலோயாவிலிருந்து இறங்கும் பஸ்ஸில் இன்று பிரேக் சூடேறிய வாசனை. நம் தோட்டத்து ரோட்டின் வளைவுகளில் லொறி இறங்கும்போது வருமே, அதே வாசனை. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் உன்னை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நாம் இரண்டாம் வகுப்பு. நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மேலே கோயிலுக்குப் போக அந்த வளைந்த ரோடும் உண்டு, தேயிலைக்கு நடுவே செங்குத்தான குறுக்குப் பாதையும் உண்டு. "ரோட்டுல போனா மலை கொஞ்சந்தான்டி இருக்கு, மூச்சே வாங்கல" என்று நீ சாதித்தாய். "லயம் கீழ, கோயில் மேல. எப்புடிப் போனாலும் அதே உயரந்தான்" என்றேன் நான். சாமி கும்பிடும்போதும் சண்டை ஓயவில்லை. உன் அம்மா இருவர் தலையிலும் குட்டினார்.

உயர்தர வகுப்பில் நான் கணிதப் பிரிவு, நீ கலைப் பிரிவு. வகையீடு என்ற பாடம் தொடங்கியதும் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆனது. சூத்திரம் போட்டால் விடை வரும், ஏன் வருகிறது என்று தெரியாது. கணிதம் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் "விளங்குதோ?" என்பார். தலையாட்டுவேன். ஒரு நாள் ஹட்டன் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "நாளைக்கே கலைக்கு மாறிடுறேன்" என்று உன்னிடம் அழுதேன்.

ஆறுதல் சொல்வதெல்லாம் உனக்கு வராது. "அப்புடி என்னதான்டி அந்தக் கணக்குல இருக்கு?" என்றாய். படித்திறன் என்றேன். ஒரு கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது, கோடு வளைந்தால் அது இடத்துக்கு இடம் மாறும் என்றேன். நீ நடுரோட்டில் நின்றுவிட்டாய்.

"அடியே, நம்ம கோயில் சண்டை! உயரம் ஒண்ணுதான், சரி. ஒவ்வொரு எட்டுக்கும் எவ்ளோ ஏறுறோம்னு ஒண்ணு இருக்குல்ல? அதைத்தானே அன்னைக்குச் சொன்னேன். நீதான் கேக்கல."

அந்தச் சண்டையில் அன்று நீ ஜெயித்தாய். நான் கணிதத்திலேயே இருந்துவிட்டேன். சின்ன வயதில் கால் அறிந்ததற்குப் பெரியவளானதும் ஒரு பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். இன்று என் வகுப்பில் பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே அழிப்பதில்லை. அது வேறு எதையோ அளந்திருக்கும். எதை என்று கேட்பேன்.

போன கிழமை உன் மகள் எழுந்து நின்றாள். "டீச்சர், நீங்க போட்ட மூணு கணக்குக்கும் இந்தச் சூத்திரம் சரியா வருது. எல்லாத்துக்கும் வரும்னு எப்புடிச் சொல்றீங்க?" ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கேள்வி! எனக்கு அது உயர்தரத்தில்தான் வந்தது. நிறுவிக் காட்டும்வரை அவள் உட்காரவில்லை.

நீ கண்ணை மூடியதிலிருந்து அவள் வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம். என்னோடு வாதாடுகிறாள். வாதாடட்டும், ஈடுகொடுக்க நான் இருக்கிறேன்.