யோங் பெங் தாண்டி ஒரு மரத்தடி

அன்பு மச்சான்,

நீங்கள் இருக்கும் இடத்தில் பழைய கார்கள் உண்டா? உண்டென்றால் அவற்றில் எந்தப் பெட்ரோல் பம்ப்?

உங்கள் பச்சைக் காரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் எங்களை விட்டுப் போனபின் அக்கா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "பெக்கோக்ல மக வீட்டுக்கு ஒரு தடவ மக்கர் பண்ணாம போவட்டும். இல்லன்னா வித்துடுவேன்."

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெயில் ஏறினால் யோங் பெங் தாண்டி அந்த மரத்தடியில் கார் நின்றுவிடும். எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். நீங்கள் ஈரத்துண்டைப் போர்த்துவீர்கள். அது ஆறும்வரை அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரிப்பார்.

மாசாயில் பட்டறை வைத்திருக்கும் மணியம் எலெக்ட்ரிக் பம்ப் போடலாம் என்றார். டாங்கிக்குப் பக்கத்தில், சூடு படாத இடத்திலிருந்து பெட்ரோலைத் தள்ளுமாம். நான் பத்திரிகை நிருபர் அல்லவா? வராதவர் தரப்பையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் நின்றால் பழைய பம்பும் நிற்கும், கரண்டில் ஓடுவதோ கார் மோதி நின்றாலும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும் என்று உங்கள் வாதத்தை எடுத்து வைத்தேன்.

"அலமாக்! அவரு போயும் அவரு பேச்சு போவலியே! மோதுனா கரண்ட கட் பண்ற சுவிட்ச் இருக்கு லா," என்றார் மணியம்.

அழுத்தம் கூடினால் கார்புரேட்டர் வழியுமே என்றேன். அழுத்தம் குறைந்த பம்பாகத்தான் எடுத்து வைத்திருந்தார். நான் சம்மதித்தேன். நீங்கள் சம்மதித்திருப்பீர்களா?

போன ஞாயிறு, உச்சி வெயிலில் அக்காவே ஓட்டினார், நான் பக்கத்தில். யோங் பெங் தாண்டியது. மரத்தை நெருங்கியதும் வேகம் குறைந்து கார் நின்றது.

"போச்சா?" என்றேன்.

"வண்டி நிக்கலடா. நான்தான் நிறுத்தினேன். பசிக்குது."

"எஞ்சின அணைக்காதீங்க!" என்பதற்குள் அணைத்துவிட்டார். சூட்டில் அணைத்தால் மறுபடி எடுக்காது என்பது உங்களோடு அந்தக் காரில் போனவர்களுக்கு எல்லாம் தெரியும். அக்கா நிதானமாகப் பொட்டலங்களைப் பிரித்தார். பழக்கத்தில் ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தார். உங்கள் பங்கை நான் சாப்பிட்டேன். கோபிக்காதீர்கள், சம்பல் அருமை.

பிறகு சாவியைத் திருப்பினார். பின்னால் பம்ப் டிக் டிக் என்றது. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"விக்கலையா?" என்றேன்.

"ஓடுற வண்டிய யாராச்சும் விப்பாங்களா?"

உங்கள் பழைய பம்பை ஈரத்துண்டில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கும். கார் இனி நிற்காது. ஆனாலும் அந்த மரத்தடியில் நாங்கள் நிறுத்துவோம் மச்சான், இது வாக்கு.

உங்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும்
மைத்துனன் சேகரன்