முடியும் நேரம் இல்லாத அறிவிப்பு

கண்ணு,

முழங்கால் முரண்டு பிடிப்பதைத் தவிர இங்கே நான் சுகம். அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் சளி விட்டிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். மாமா தோட்டத்துக்கு மழை எப்போது என்று நீ போனில் கேட்டதற்கு உறுதியான பதில் இன்று காலை பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது. செயற்கை மழைக்கு உரிமம் தரும் அலுவலகத்தின் பிரிவு எழுத்தர் சொன்னார்: மாமாவின் தோட்டப் பக்கத்துக்கான பழைய அறிவிப்பு செல்லாது, புதியது நாளை மூன்றாம் தேதி பத்திரிகையில் வரும், அதிலிருந்து இருபத்தொரு நாள் ஆட்சேபங்களுக்கு.

இதில் என் கை இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை. பழைய அறிவிப்பில் விமானம் கிளம்பும் நேரம், பறக்கும் எல்லை, மேகத்தில் தூவும் உப்பின் அளவு எல்லாம் இருந்தன, எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்ற வரி மட்டும் இல்லை. பத்தொன்பது நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உரிமம் கையில். நான்தான், எங்கள் பத்திரிகைக்கான செய்தியை அச்சுக்கு அனுப்பும் முன் இன்னொரு முறை கேட்டுவிடும் பழக்கத்தில், அந்த எழுத்தருக்கே போன் போட்டு முடியும் நேரம் என்ன என்று கேட்டேன். அந்தப் பக்கம் தாள் புரண்டது. பிறகு, நல்லவேளை சொன்னீங்க மேடம் என்று நன்றி வேறு சொன்னார். அந்த வரி விதியில் ஏறியதற்கும் நானே ஒரு காரணம். ஆறு வருடம் முன்பு நிறுத்தாமல் தூவி, பள்ளத்துத் தெரு வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது வாரக்கணக்கில் எழுதியவள் நான்தானே. விதி தப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று விமானத் தளத்துக்குப் போனேன். மேற்கே மேகம் கொழுத்து நின்றது. விமானி இறக்கை நிழலில் உட்கார்ந்து, மேகம் ரெடி, நான் ரெடி, பேப்பர்தான் மேடம் ரெடியில்ல என்றார். அங்கிருந்து உரிம அதிகாரியிடம் போய் ஆட்சேப நாட்களைக் குறைக்க முடியுமா என்று கெஞ்சினேன், வாழ்க்கையில் முதல் முறையாக. உங்க தம்பிக்காகக் குறைச்சா நாளைக்கு நீங்களே எழுதுவீங்களே என்றார். வாஸ்தவம், எழுதுவேன். எழுந்து வந்தேன்.

நான் செய்ததைக் கேட்டு மாமா திட்டியிருந்தால் தேவலை. அக்கா, உனக்குச் சும்மாவே இருக்க வராதா என்று சிரித்துவிட்டு போனை அத்தையிடம் கொடுத்துவிட்டான். நானூறு ஆரஞ்சு மரமும் இலை சுருண்டு பிஞ்சை உதிர்க்கின்றனவாம், லாரித் தண்ணீர் கடைசி மூன்று வரிசைக்கு எட்டவில்லையாம். வேர் காஞ்சப்புறம் பெஞ்சா விறகுதான் நனையும் அண்ணி என்றாள் அத்தை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் மாமாவுடன் பேசு, மழையைப் பற்றி மட்டும் கேட்காதே. நாளை அச்சாக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் புதிய அறிவிப்பில் எல்லா வரியும் இருக்கிறது, இரண்டு முறை படித்துவிட்டேன். ஆட்சேபக் காலம் இருபத்து நான்காம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது, உரிமம் அன்றே கையெழுத்தாகும் என்கிறார்கள். வானிலை நிலையத்தின் கணக்கில் இந்த மேகங்கள் பத்தொன்பதாம் தேதி வரைதான்.

உன் அம்மா