பஞ்சுவின் நாக்கு என்ன நிறம்

ஆரணி,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கை குணசுந்தரிக்கு உன் அக்கா கற்பகம் எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர வேறு குறை இல்லை. கோயம்புத்தூரில் உன் முழங்காலும் காதும் தேவலை என்று நீ எழுதினால் எனக்கு நிம்மதி. போனில் கேட்கலாம் என்றால், நான் கத்துவது எங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. ஆகையால் கடிதம்.

முதலில் எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் விஷயம். கிரண் ஜெர்மனியில் இருக்கிறான். திரும்பி வருகிறேன் என்றவனைக் கம்பெனிக்காரர்களே கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். சதீஷ் ஓசூரில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சிறந்த ஊழியர் என்று அவன் படத்தைக் கம்பெனி வாசலில் மாட்டியிருந்தார்கள். காவ்யா பாங்க் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ் செய்து வந்தவாசியில் உட்கார்ந்திருக்கிறாள். தெள்ளார் பக்கத்துக் கிழவர்கள்கூட அவளை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மூன்று பேர் படமும் ஒரே அளவில் பிரேம் போட்டு ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கிறது. இதையெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. நீ கேட்பாய் என்றுதான். போன கடிதத்தில் நீ கேட்கவில்லை, மறந்திருப்பாய். அதில் நான்கு பக்கமும் தேவிப்ரியா தேவிப்ரியா என்றே இருந்தது. பேத்தி என்றால் இருக்கத்தான் செய்யும்.

நீ பத்தாவது படித்தவள், நான் ஐந்தோடு தறியில் உட்கார்ந்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போன தடவை மாதிரி எண்ணி எழுதாதே.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். தேவிப்ரியாவுக்குக் கால்நடை டாக்டர் படிப்பில் இடம் கிடைத்த வருடம், மாட்டு டாக்டர்தானே என்று நான் சொன்னதாக யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். மற்றது எதுவும் கேட்காத காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ. இவ்வளவு சின்னப் பெண் மாட்டையெல்லாம் எப்படிப் பிடித்து ஊசி போடுவாள் என்றுதான் நான் சொன்னேன். கவலையில் சொன்னது. அதே வருடம் எங்கள் சதீஷுக்கு அந்தப் படிப்பில் இடம் கிடைக்காததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இனி நாய் விஷயம். அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். தன் பக்கம் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாள். நடந்ததை என்னிடம் கேட்டுக்கொள்.

பஞ்சு, கிரண் பெங்களூரில் இருந்தபோது வாங்கிய பக் நாய். பட்டு நெய்கிற வீட்டு நாய்க்குப் பஞ்சு என்று பெயர் வைத்தவன் அவன்தான். மூஞ்சி சப்பை, மூக்கு இருக்கிற இடமே தெரியாது. அந்த மாதிரி நாய்க்கு மூச்சு முட்டும், விமானத்தில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டதால் என்னிடம் விட்டுப் போனான். போகும்போது, ஆயா, இது என் உசுரு, நான் வர்ற வரிக்கும் பத்திரமா பாத்துக்கோ என்று கண் கலங்கினான். என்னை விட்டுப் போகிறோமே என்று கலங்கினானா என்றால், அது இல்லை. சரி, போகட்டும். தை மாதம் அவன் வரும்போது நாயை உயிரோடு அவன் கையில் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது.

அதற்கு மூச்சு எப்போதும் கர்ர் கர்ர் என்றுதான் வரும். இந்தப் பங்குனி வெயிலில் கேட் வரைக்கும் போய் வந்ததற்கே சுருண்டு விழுந்துவிட்டது. மூக்குத் துவாரம் ஊசிக் காது அளவுதான் இருக்கிறது, வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யுங்கள் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். உடனே என் மருமகள், நம்ம தேவிப்ரியா அங்கதான கீது, போன் போடலாமா அத்த என்றாள். வேண்டாம், அனுபவம் உள்ள பெரிய டாக்டராகப் பார் என்று மகன் குமரேசனிடம் சொன்னேன். அவன் விசாரித்துப் பிடித்த பெரிய டாக்டர் பஞ்சுவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் இதை தேவிப்ரியா டாக்டர்தான் செய்வார் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அங்கே வந்தவளுக்கு முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது. மேலே இருந்த கண் அப்படியே நம் அப்பாவின் கண். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கண் வரவில்லை. பெரியாயா, நீங்களா வந்திருக்கறீங்க என்று அத்தனை பேர் முன்னாலும் குனிந்து என் காலைத் தொட்டாள். வாங்க போங்க என்றுதான் பேசுகிறாள். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் வா, போ தான். மரியாதை நீ கற்றுக் கொடுத்தது என்று பூரித்துப் போகாதே. அது கோயம்புத்தூர்த் தண்ணீர்.

மூக்குத் துவாரத்தை அகலமாக்கி, தொண்டையில் நீளமாகத் தொங்கி மூச்சை அடைத்த சதையையும் குறைத்தாள். தையலை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். குறை சொல்ல இடம் தேடினேன், அகப்படவில்லை. என்ன நூல் என்று கேட்டேன். தானாகக் கரைந்துபோகும் நூலாம். கரைகிற நூலை நம்பி என்ன வேலை என்று கேட்டதற்குச் சிரித்தாள். பிறகு, இத்தனை நெய் யாருங்க ஊட்டினது, பாதி மூச்சு அதனாலதானுங்க முட்டுது என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் பேத்தி கேட்கிறாளே என்று பொறுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஏகப்பட்ட கட்டளைகள். கழுத்தில் பட்டை கட்டக் கூடாது, நெஞ்சைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். சோற்றை மசித்து ஆற வைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகக் கொடுக்க வேண்டும். மூக்கைச் சொறியாமல் இருக்க முன்னங்கால்களுக்குச் சாக்ஸ். முக்கியமாக, குரைக்கக் கூடாது, துள்ளக் கூடாது, கூட்டம் கூடாது. அப்புறம், நாக்கை மட்டும் பாத்துட்டே இருங்க பெரியாயா, ரோஸா இருந்தா பயமில்லீங்க, நீலம் பாஞ்சா அந்த நிமிஷமே கூப்பிடுங்க என்றாள்.

எல்லாம் செய்தேன். கூட்டத்தைத்தான் தடுக்க முடியவில்லை. நம் தெருவில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் பார்க்க வராமல் இருப்பார்களா? ரொட்டி, ஆப்பிள், ஹார்லிக்ஸ் என்று ஆளுக்கு ஒரு பையோடு வந்துவிட்டார்கள். நம் வேணுகோபால் அண்ணன் உள்ளே வரும்போதே, ஏம்மா கற்பகம், எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆனப்ப ரெண்டு வாழப்பழத்தோட முடிச்சிட்டீங்க, நாய்க்கு ஹார்லிக்ஸா என்று ஆரம்பித்தார். ஹால் முழுக்கச் சிரிப்பு. டாக்டர் யார் என்று கேட்டவர்களுக்கு, வேலூரில் ஒரு டாக்டர் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

இத்தனை பேரையும் பைகளையும் பார்த்துப் பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை. சாக்ஸ் போட்ட காலோடு ஆள் ஆளாகத் தாவி, விடாமல் குரைத்தது. மதிய வெயில் வேறு. திடீரென்று குரைப்பு நின்றது. நான்கு காலையும் பரப்பி நின்று, வாயைத் திறந்து, காற்றை இழுக்கப் பார்க்கிறது, உள்ளே போகவில்லை. நாக்கைப் பார்த்தேன். ரோஸ் போய்க்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிடு என்று கத்தினேன். மருமகள்தான் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. பக்கத்து வீட்டு விசைத்தறிகள் நின்று தெருவே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், பெரியாயா, நான் தேவிப்ரியா பேசறேனுங்க என்று எல்லோர் காதிலும் விழுந்தது. வேணுகோபால் அண்ணன் சும்மா இருப்பாரா? இது நம்ம குணா பேத்தியாச்சே, இத்தினி நாளா யாரோ வேலூர் டாக்டர்னு சொல்லிகினு இருந்தியே என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

நாக்கு என்ன நிறத்தில் இருக்கிறது என்று அவள் கேட்டாள். காலையில வெங்காயத்தோல் கலரா இருந்துதும்மா, இப்ப வாடாமல்லி தாண்டி கத்தரிப்பூவுக்குப் போய்கினு கீது என்றேன். பதற்றத்தில் என் வாயில் புடவை நிறம்தான் வந்தது. நீலமா ரோஸா என்று திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கத்தரிப்பூ ஓரத்துல மட்டுமா, நடுவுலயும் வந்துருச்சுங்களா என்றாள். ஓரத்தில் என்றேன். அப்ப நேரம் இருக்குதுங்க, எல்லாரையும் வெளிய அனுப்புங்க, வீட்லயே எது குளுந்த இடமோ அங்க கொண்டு போங்க என்றாள்.

குளிர்ந்த இடம் என்றால் எங்கள் வீட்டில் தறிக்குழிதான். நெய்யும்போது கால் வைக்கிற பள்ளத்தில் வெயில் எங்கிருந்து வரும்? மருமகள் உள்ளே இறங்கி உட்கார்ந்து பஞ்சுவை மடியில் வாங்கிக்கொண்டாள். கழுத்தை நேராக நீட்டிப் பிடித்து, வயிற்றிலும் பாதத்திலும் வெறும் தண்ணீரால் நனைத்தோம். தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. அதில் தண்ணீர் தெறித்ததை ஒருவரும் பார்க்கவில்லை. வேணுகோபால் அண்ணன் ஹார்லிக்ஸ் அட்டைப் பெட்டியைப் பிரித்து விசிறியாக்கி, வாயே திறக்காமல் விசிறினார். அவர் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

நான் நாக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, போனில் அவள் சரிங்க, சரிங்க, அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காரில் வந்துகொண்டே கேட்டிருக்கிறாள், எங்களுக்கு அது தெரியாது. கத்தரிப்பூ மெதுவாக வாடாமல்லியானது. வாடாமல்லி ரோஜாவானது. எவ்வளவோ சாயம் ஏறி நான் பார்த்திருக்கிறேன் குணா. சாயம் இறங்கியதைப் பார்த்து அழுதது அன்றைக்கு ஒருநாள்தான்.

வந்ததும் ஊசி போட்டாள். தொண்டை வீங்கியிருந்தது, இன்னும் கொஞ்சம் குரைத்திருந்தால் பஞ்சு இல்லை என்றாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றிருந்தேன். திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

அன்று இங்கேயே தங்கினாள். நான் சுட்ட தோசை உன் தோசையைவிட மெத்தென்று இருக்கிறதாம். நான் கேட்டதற்குத்தான் சொன்னாள் என்றாலும், சொன்னாள். சாப்பிடும்போது, தறியில் கை வைக்காத உனக்குக் கத்தரிப்பூவும் வாடாமல்லியும் எப்படித் தெரியும், எங்கள் கிரணுக்கு அரக்குக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சின்னதுல எங்க ஆயா பீரோவைத் தொறந்து ஒவ்வொரு பொடவையா காட்டிக் கலர் சொல்லிக் குடுப்பாங்க, கத்தரிப்பூ பொடவைய மட்டும் எங்களைத் தொட விடமாட்டாங்க, எங்கக்கா எங்கல்யாணத்துக்கு நெய்ஞ்சு குடுத்தது, இது மாதிரி ஒரு கை ஆரணியிலயே கெடையாதுன்னு சொல்வாங்க என்றாள்.

அந்தப் புடவையை இன்னும் வைத்திருக்கிறாய் என்று நீ எனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. பேத்தியிடம் சொன்னதை என்னிடம் சொன்னால் என்ன குறைந்து போகும் உனக்கு? நான் வேறு தோசையைப் பாதியில் விட்டு எழுந்துபோக வேண்டியதாகிவிட்டது. அடுப்புப் புகை என்று சொன்னேன். காஸ் அடுப்பு.

பஞ்சு இப்போது நன்றாக இருக்கிறது. உடம்பு இளைத்திருக்கிறது. தூங்கினால் சத்தமே இல்லை, நான்தான் பக்கத்தில் போய் வயிறு அசைகிறதா என்று பார்க்கிறேன். ஆனால் நன்றி கெட்ட நாய். உருண்டை பிடித்து ஊட்டுகிறவள் நான். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னைத் தாண்டி அவளிடம் ஓடுகிறது. தொண்டையில் கத்தி வைத்தவளிடம் அப்படி என்ன பாசமோ. கிரணும் இப்போதெல்லாம் போனை எடுத்ததும் தேவி என்னா சொன்னா என்றுதான் கேட்கிறான். வாரம் தவறாமல் அவள் இங்கே வருவது உனக்குத் தெரியும் அல்லவா? உன்னைப் பார்க்க வருடத்துக்கு எத்தனை முறை வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அவள் கூட்டிச் சொல்லியிருப்பாள் என்று மேலே எழுதினேன். என்ன சொல்லியிருந்தாலும் அது கூட்டியது இல்லை. அந்த வரியை அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே விட்டுவிட்டேன்.

உனக்கும் உன் பிள்ளை குட்டிகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் கை நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். காது மிஷினைச் சும்மா பெட்டியில் வைக்காமல் மாட்டு.

கடைசியாக ஒன்று. ஹாலில் காவ்யா படத்துக்குப் பக்கத்தில் காலண்டர் மாட்டியிருந்த ஆணி சும்மா இருக்கிறது. காலண்டரை நான்தான் எடுத்தேன். தேவிப்ரியா படம் என்று என்னிடம் இருப்பது நீ எப்போதோ அனுப்பிய இரட்டைப் பின்னல் படம். அதை மாட்டினால் யாரும் டாக்டர் என்று நம்பமாட்டார்கள். அவளிடமே கேட்கலாம்தான், ஆனால் அது உன் கையிலிருந்து வர வேண்டும். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறாளாமே, அப்போது ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒரு படம் எடு. மற்ற மூன்று படங்களின் அளவை நூலில் முடிச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பாதே, அட்டை வைத்துத் தபாலில் போடு. யார் பேத்தி என்று இங்கே வருகிறவர்கள் கேட்டால் நான் என் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்வேன், அங்கிருந்து உனக்கா கேட்கப்போகிறது? அவளுக்கு அந்தக் கத்தரிப்பூ புடவையைக் கட்டிவிடு. மேலே டாக்டர் கோட்டுப் போட்டுக்கொள்ளட்டும். பொத்தான் போட வேண்டாம். புடவை தெரிய வேண்டும்.

உன் அக்கா,
கற்பகம்